அதிகாரியின் தலைக்குள் அண்ணன்

வியட்நாமில் வளர்ந்த தமிழர்கள் நாம் கூடும்போதெல்லாம் பேச்சு எப்படியோ சைகோனுக்குப் போய்விடுகிறது. எந்த வீட்டு மொட்டைமாடியில் குண்டுச் சிதறல் விழுந்தது, எந்தக் கன்னியாஸ்திரீ முட்டி போட வைத்தார் என்று ஆளுக்கொன்று சொல்வீர்கள். நான் காலி டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டபடி இருப்பேன். நாலு பேர் முன்னால் வாய் திறப்பது எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. காகிதம் என்றால் நடுவில் யாரும் "அது அப்படி இல்லை" என்று சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அறுபத்தெட்டில் சண்டை நகரத்துக்குள்ளேயே வந்துபோனதே, அதற்கு அடுத்த வருடம். தெத் புத்தாண்டுக்கு முந்தைய, மழையில்லாத மாதங்கள். எனக்கு ஒன்பது வயது. அண்ணனுக்குப் பதினெட்டு. பென் தான் என்ற சந்தைக்குப் பின்னால், மாரியம்மன் கோயில் மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில், ஒரு சந்தில் மாடிவீடு. நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் இல்லை, மாதா கோயில்காரர்கள். ஆனாலும் அந்த மணியை வைத்துத்தான் அம்மா உலை வைப்பாள்.

என் அம்மா பொம்மலாட்டக் குழு ஒன்றுக்குப் பொம்மைகளை வரைந்து செய்து கொடுத்தவள். உங்களில் யாருக்கும் இது தெரிந்திருக்காது. கேட்டவர்களிடம் அப்பா, "மடத்துக்குத் துணி தைக்கிறா" என்று சொல்லி வைத்திருந்தார். காரைக்காலிலிருந்து வந்த நல்ல குடும்பத்துப் பெண் கூத்துக்காரர்களோடு வேலை செய்கிறாள் என்று வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம். அம்மா தன் பாட்டுக்கு வேலை செய்வாள். அப்பா வேலை பார்த்த துணிக்கடையில் மிஞ்சும் துண்டுகளை மட்டும் தவறாமல் கேட்டு வாங்கிக்கொள்வாள். பட்டு என்றால் ராணி, சாக்குத்துணி என்றால் படகுக்காரன்.

குழுவின் தலைவியை நாங்கள் வடக்கத்தி அம்மாள் என்போம். வடக்கு என்றால் ஹனோய்ப் பக்கம். நாடு இரண்டாகப் பிரிந்தபோது ஒரு பெட்டி நிறையப் பொம்மைகளோடு கப்பலில் தெற்கே வந்தவர் அவர். சைகோனின் சீனர் பகுதியான சோலோனில் ஒரு கிட்டங்கியின் பின்பாதியை வாடகைக்கு எடுத்து, பள்ளிக்கூடங்களிலும் அகதி முகாம்களிலும் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மாதம் இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா செய்த தலைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, உதட்டைப் பிதுக்கிப் பார்த்து, கடைசியில் "பரவாயில்லை" என்பார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

அம்மா முதலில் முகத்தைக் காகிதத்தில் வரைவாள். மீன் வாங்கப் போனால் மீனை மறந்துவிட்டு விற்பவளின் தாடையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு களிமண்ணில் தலை பிடிப்பாள். இடது புருவத்தை ஒரு நெல்மணி அளவு உயர்த்தி வைப்பாள். இந்தப் பக்கம் திருப்பினால் கோபக்காரன், அந்தப் பக்கம் திருப்பினால் அசடு. அசையாத ஒரு முகத்துக்குள் இரண்டு ஆட்களை உட்கார வைப்பதுதான் தன் வேலை என்பாள்.

மண்தலையின் மேல் காகிதப் பட்டைகளை எட்டுச் சுற்று படிய வைக்க வேண்டும். முதல் சுற்றுக்குப் பசை கிடையாது, வெறும் தண்ணீர். பசை போட்டால் காகிதம் மண்ணைக் கவ்விக்கொள்ளும், பிறகு கழற்ற முடியாது. இரண்டாம் சுற்றிலிருந்து மரவள்ளி மாவுக் கஞ்சி. கரப்பான் தின்னாமலிருக்க அதில் துளி மயில்துத்தம். அந்தப் புளித்த வாசனை எங்கள் தலையணைகளில்கூட இருக்கும். நாலு நாள் வெயிலில் காய்ந்ததும் காதுகளுக்குப் பின்னால் கத்தியால் கீறி, தலையை இரண்டு பாதியாகப் பிரித்து, மண்ணை எடுத்துவிட்டு, பாதிகளைச் சேர்த்து ஒட்டுவாள். உள்ளே கூடாக, கையில் எடுத்தால் கனமே தெரியாத தலை கிடைக்கும்.

முதல் சுற்றுக்கு நல்ல காகிதம் வேண்டும். செய்தித்தாள் தண்ணீரில் கூழாகிவிடும். எங்கள் வீட்டில் நல்ல காகிதத்துக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை அப்பா துறைமுகத்தில் அவர்களுடைய அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அவர்கள் போனபோது எரிக்க வைத்திருந்த படிவங்களையும் சுற்றறிக்கைகளையும் அப்பா ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். முத்திரை குத்திய எதையும் அவரால் தூக்கிப் போட முடியாது. சைக்கிள் வரி கட்டிய சீட்டும் அதில் இருந்தது. அம்மா கெஞ்சிக் கெஞ்சி, நீல நாடா கட்டிய ஒரே ஒரு காகிதக் கட்டு மட்டும் தன் வேலைக்கு வாங்கியிருந்தாள்.

அந்தத் தெத்துக்கு ஒரு புது ஆட்டம். படகுக்காரன் ஒருவன், அவன் படகைப் பிடுங்கிக்கொள்ளும் குண்டு அதிகாரி ஒருவர். அதிகாரியின் தலைதான் அம்மா அதுவரை செய்ததிலேயே பெரியது, பூசணிக்காய் அளவு. முதல் சுற்றுப் போட்டுக்கொண்டிருந்தபோது நீல நாடாக் கட்டு தீர்ந்துவிட்டது. அம்மாவின் கை இரண்டும் சேறு.

"பிள்ளே, பெட்டியிலேர்ந்து இன்னும் நாலஞ்சு தாள் எடுத்துக் கிழி. அடியிலேர்ந்து எடு, மேல கைய வைக்காத."

அடியில் என்றால் மேலே இருப்பதையெல்லாம் இறக்க வேண்டும். எனக்குச் சோம்பல். பக்கவாட்டில் செருகியிருந்த அட்டை உறைக்குள் கைவிட்டு நாலைந்து தாளை உருவினேன். எல்லாம் ஒரே மாதிரிக் காகிதம், ஒரே மாதிரி முத்திரை. சேர்த்துப் பிடித்துக் கிழித்தேன். மூன்றாவது கிழியலில்தான் கண்ணில் பட்டது. தட்டச்சில் அண்ணனின் பெயர்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். காரைக்காலை விட்டு பிரெஞ்சுக்காரர்கள் போனபோது, எந்த நாட்டுக்காரராக இருக்கப்போகிறோம் என்று நம் அப்பாக்களெல்லாம் எழுதிக் கொடுத்தார்களே, அப்போது வந்த சர்த்திபிக்கா, பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றிதழ். வருடத்துக்கு ஒருமுறை அப்பா அதை எடுத்துக் காட்டி, "இது இருக்குற வரைக்கும் ஒங்கண்ணனை எந்தப் பட்டாளத்துக்காரனும் தொட முடியாது" என்பார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. மிச்சத்தையும் கிழித்தேன். பட்டைகளைத் தண்ணீரில் நனைத்து, எழுத்து யாருக்கும் தெரியாதபடி மண்ணைப் பார்க்கத் திருப்பி, அதிகாரியின் கன்னத்திலும் மூக்கிலும் நானே ஒட்டினேன். "இன்னிக்கு வேலை சுத்தமா இருக்கே" என்று அம்மா மெச்சினாள். மறுநாள் அதற்கு மேல் பசைச் சுற்றுகள் வந்து மூடிவிட்டன.

தலையைப் பிரித்து மண்ணெடுத்த நாளில் பெயர் தெரிந்துவிடுமோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ஆனால் உள்ளே முழுக்கப் பிரெஞ்சு எழுத்துதான் சேற்றுப் பூச்சோடு தெரிந்தது. அம்மாவுக்குப் பிரெஞ்சு படிக்க வராது. ஊதித் துடைத்து, இரண்டு பாதியையும் சேர்த்து ஒட்டி, வர்ணம் பூசிவிட்டாள். இனி யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

பதினெட்டு முடிந்தால் தனியாக அடையாள அட்டை எடுக்க வேண்டும். அதற்கு அந்தக் காகிதம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பெட்டியைத் திறந்தார். மாலை வரை கூடம் முழுக்கக் காகிதம். இரண்டு தடவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூன்றாவது தடவை ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் அப்படிப்பட்ட காகிதங்களை நல்ல விலைக்கு வாங்க ஆள் இருந்தது. அப்பாவின் மூளை அங்கே போய் நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து வடக்கத்தி அம்மாள் பொம்மைகளைப் பார்க்க வந்தபோது, வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்:

"எங்க வீட்டுக்குள்ள வந்து உக்கார்ற வெளி ஆளு நீங்க ஒருத்திதான். உங்க கூட்டத்துல யாருக்குக் குடுத்தீங்க?"

அவர்கள் பேசியது வியட்நாமிய மொழியில். என் காதில் அது இப்போது தமிழாகத்தான் இருக்கிறது. வடக்கத்தி அம்மாள் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "நான் திருடுறதா இருந்தா அந்தப் புருவம் தூக்குற கையைத் திருடிட்டுப் போவேன். காகிதத்தை வச்சு நான் என்ன செய்ய?" என்றார். மறுநாள் ஆள் அனுப்பிப் பொம்மைகளையெல்லாம் எடுத்துக்கொண்டார். அதிகாரியும் போய்விட்டார்.

அம்மா அதன் பிறகு அப்பாவிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். அண்ணனை வெளியே விடவில்லை. வானொலியைக் கழற்றுவான், மாட்டுவான். "என்னையும் பெட்டியில வச்சுப் பூட்டிடுங்களேன்" என்பான். பத்து நாள் பொறுத்தான். பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, சந்து முனையில் ரொட்டி வாங்கிவிட்டு வருகிறேன் என்று போனவன் வரவில்லை. ரொட்டிக்காரி ஓடிவந்து சொன்னாள். பட்டாளத்து லாரி வந்து நின்றதாம், பையன்களை மறித்தார்களாம், அண்ணன் "நான் பிரெஞ்சுக்காரன்" என்றதற்கு, "எங்கே காகிதம்?" என்று சிரித்தார்களாம்.

அப்பா அலைந்துவிட்டு வந்தார். ஆள் சேர்க்கும் முகாமில் வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குள் காகிதம் காட்டினால் விடுவார்கள். பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்திலோ பதிவு எண் இல்லாமல் பழைய ஏடுகளில் தேட ஒரு மாதமாகும் என்றுவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை அப்பா கடைக்குப் போய்விட்டார், முதலாளிக்கு யாரையாவது தெரியுமா என்று கேட்க. அம்மா அடுப்படியில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. நான் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். முகத்தைப் பார்த்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

"அம்மா, அது அதிகாரியோட தலைக்குள்ள இருக்கு."

"எது?"

"அண்ணன் காகிதம். நான்தான் கிழிச்சேன்."

அவள் திரும்பவில்லை. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"முதச் சுத்துலயா, பசைச் சுத்துலயா?"

"முதச் சுத்துல."

"எழுத்து எந்தப் பக்கம்?"

"மண்ணு பக்கம். நீங்க பாத்துடுவீங்கன்னு திருப்பி வச்சேன்."

அம்மா மூச்சை இழுத்து விட்டாள். "அப்ப பசை படல. சேசுவே, பசை படல" என்று எழுந்தாள். "செருப்பப் போடு. ஒங்கப்பாகிட்ட நான் கிழிச்சேன்னு சொல்லிக்கிறேன், நீ வாயைத் தொறக்காத."

சிக்லோ ரிக்ஷா பிடித்து சோலோன் போனோம். கிட்டங்கியின் பின்னால் வடக்கத்தி அம்மாள் திரைத்துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் ஊசியை நிறுத்தவில்லை. அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சந்தையில் கற்ற வியட்நாமிய மொழி, பாதி வார்த்தை மீன்காரியுடையது. கேட்டு முடித்ததும் வடக்கத்தி அம்மாள் எழுந்து போய் அதிகாரியைக் கொண்டுவந்தார். அவரே சின்னக் கத்தியை எடுத்து, காதுக்குப் பின்னால் விரலால் தடவிப் பொருத்தைக் கண்டுபிடித்து, கீறினார்.

தலை இரண்டாக விரிந்தது. உள்ளே, காய்ந்த சேற்றுக்கு நடுவில், தலைகீழாக என் அண்ணனின் பெயர். ஈரத்துணியால் அம்மா ஒற்றி ஒற்றித் துடைத்தாள். கையெழுத்து நீலமாகக் கலங்கியிருந்தது. தட்டச்சு எழுத்து அப்படியே இருந்தது.

அம்மா ஒரு பட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். வடக்கத்தி அம்மாள் அவள் கையைப் பிடித்தார்.

"உரிக்காதே. உரிச்சா கன்னம் உள்ளே போயிடும், நாளைக்கு ரெண்டு மணிக்கு ஆட்டம். இப்படியே கொண்டுபோய்க் காட்டு."

"தலையையா?"

"தலைக்குள்ளதானே மகன் இருக்கான்? நாளைக்கு ஒரு மணிக்குத் தலை இங்க வரணும். நீயும் வரணும். அதிகாரிக்குள்ள கை விட்டு ஆட்ட ஆள் இல்லை."

"ஏன், அந்தத் தம்பி?"

"லாரி உங்க சந்துக்கு மட்டுமா வரும்?" என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார். அதிகாரியை ஆட்டிவந்த பையனைப் போன வாரம் பிடித்துப் போயிருந்தார்கள். அவனுக்கு எங்கிருந்தும் ஒரு காகிதம் வர வழியில்லை. எங்களுக்கு இருந்த வழி எப்படிப்பட்ட வழி என்பது எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் உறைத்தது.

கடைவாசலில் அம்மா அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "நான்தான் தெரியாம கிழிச்சுட்டேன். இப்ப ஒண்ணும் கேக்காதீங்க, பன்னெண்டு மணிக்கு பிரெஞ்சு ஆபீசை மூடிடுவாங்க."

அப்பா உடனே கிளம்பினார். பிரெஞ்சு அலுவலகத்துக்கு டை கட்டாமல் போகாதவர். அன்றும் கட்டியிருந்தார். இரண்டு கையிலும் அதிகாரியின் இரண்டு பாதி. வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் புதுச்சேரிக்காரர், நரைத்த மீசை, ஐயா என்பதற்கு மிசே என்பவர்.

"மிசே, இது யாரு?"

"பொம்மைங்க."

"பொம்மைக்கா சர்த்திபிக்கா கேக்குறீங்க?"

"இல்லிங்க. பையனுக்கு. பையன் உள்ள இருக்கான்."

எழுத்தர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதிகாரியின் இடது கன்னத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வலது கன்னம். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்தார், அவருக்கு அடுத்தவரும் வந்தார். மூன்று பேர் தலையை முட்டிக்கொண்டு ஒரு தலைக்குள் பார்த்தார்கள். எண் மூக்கின் குழிக்குள் வளைந்து கிடந்தது.

"கடைசி நம்பர் ஒண்ணா, ஏழா?"

"ஏழுதான்" என்றார் ஒருவர்.

"அது மூக்கு மடிப்பு, ஒண்ணுதான்" என்றார் இன்னொருவர்.

ஒன்று என்று வைத்து ஏட்டைப் புரட்டினார்கள். யாரோ ஒரு கிழவியின் பெயர் வந்தது. அப்பா சன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார். ஏழு என்று வைத்துப் புரட்டினார்கள். எழுத்தர் விரலை வரிமேல் வைத்து, அண்ணனின் பெயரையும் அப்பாவின் பெயரையும் சத்தமாகப் படித்தார். அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடி அப்போதுதான் தளர்ந்தது.

புதுக் காகிதத்தோடு அப்பா நேரே முகாமுக்குப் போனார். கேப்டன் இல்லை, நாளை வா என்றார்கள். ஞாயிறு காலை மறுபடி போனார். காகிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர்கள், மணிக்கணக்கில் நிற்கவைத்துவிட்டு, "வீட்டுக்குப் போ, பார்க்கலாம்" என்றார்கள். விடுவார்கள் என்றும் சொல்லவில்லை, மாட்டார்கள் என்றும் சொல்லவில்லை. எங்கே போவது என்று தெரியாமல், ஆட்டம் நடக்கும் சோலோன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரை முகாம் காவலாளிகளிடம் எழுதிக் கொடுத்திருந்தாராம்.

வாசலில் வடக்கத்தி அம்மாள் நின்றிருந்தார். அப்பா தொப்பியைக் கழற்றினார். அதைக் கையில் சுழற்றினார். "மதாம், அன்னிக்கு நான் பேசினது..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

"உள்ளே போய் உக்காருங்க," என்றார் அவர். "முன்னாடி உக்காராதீங்க. நீங்க உசரம், பிள்ளைங்களுக்கு மறைக்கும்."

கடைசி பெஞ்சில் அப்பாவும் நானும் உட்கார்ந்தோம். அதற்கு முன் அவர் அம்மாவின் பொம்மை ஆடிப் பார்த்ததே இல்லை. திரைக்குப் பின்னால் அம்மா அதிகாரிக்குள் கை விட்டிருந்தாள். குரல் வடக்கத்தி அம்மாளுடையது. அதிகாரி படகைப் பிடுங்கினார், வயிற்றைத் தடவினார், படகில் ஏறப் போய்த் தண்ணீரில் விழுந்தார். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணைக் காட்சி. படகுக்காரன் மண்டியிட்டிருக்கிறான். அதிகாரி கையைத் தூக்கி, சிறையில் போடு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். கை தூக்கியது தூக்கியபடி நின்றுவிட்டது.

"இவனைப் பிடித்துச் சிறையில்..." என்றது குரல். அதிகாரி அசையவில்லை. திரை மெல்லிய துணி. உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரியும். நான் திரும்பினேன். கதவில் அண்ணன். தலையை மொட்டையடித்திருந்தார்கள், காதுகள் மட்டும் பெரிதாக இருந்தன. வெள்ளிக்கிழமை போட்டுப்போன அதே சட்டை.

மேடையில் அதிகாரியின் தூக்கிய கை மெதுவாக இறங்கியது. அவர் தலை கிடுகிடுவென்று நடுங்கியது. பிறகு இரண்டு கையையும் சேர்த்துத் தட்டத் தொடங்கினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து வடக்கத்தி அம்மாளின் குரல்:

"சரி, சரி! போ! உன் படகை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

பிள்ளைகள் கத்திய கத்தலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்குள் சொன்னால் யாருக்கும் கேட்காது என்று எனக்குத் தோன்றியது. அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா, அம்மா கிழிக்கல. நான்தான் கிழிச்சேன். தெரிஞ்சும் கிழிச்சேன்."

கேட்டுவிட்டது. அவர் குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பெஞ்சுகளுக்கு நடுவில் பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி வந்துகொண்டிருந்த அண்ணனைப் பார்த்தார்.

"சரி பிள்ளே," என்றார். "கொஞ்சம் நகந்து உக்காரு. ஒங்கண்ணன் உக்காரட்டும்."

நான் நகர்ந்து உட்கார்ந்தேன்.